காலந்தாழ்ந்த வாய்மை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகக் கிழக்கே மலையேறிச் செல்லும் சாலை போனக்காட்டில் முடிவடைகிறது. அதற்கப்பால் காடு. காட்டிற்கப்பால் 1868 மீட்டர் உயர்ந்து நிற்பது அகத்தியர் மலை. மலைக்கு மறுபுறம் தாமிரபரணியும் திருநெல்வேலிச் சீமையும். அவலோகிதரிடம் தமிழைக் கேட்டு அகத்தியர் உலகிற்கு உரைத்தார் என வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரனார் கூறியுள்ள செய்தி நம் வாசகர் அறிந்ததே. அம்மலையின் மேற்குச் சரிவில் வெள்ளையர் காலத்தில் ஒரு தேயிலைத் தோட்டம் எழுந்தது. அதில் உழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோர் சிலர், தொழிற்சாலை ஓய்ந்து ஆண்டுகள் பல சென்ற பின்னரும், ஒழுகும் கூரை கொண்ட பழைய லயங்களிலேயே வாழ்ந்து வருகின்றனர்.

போனக்காடு என்றவுடன் வெளியூரார் நினைவுக்கு வருவோர் இவ்வுழைப்பாளிகள் அல்லர். பாழடைந்த ஒரு துரை பங்களாவும், அதில் உலவுவதாகக் கூறப்படும் பேயுமே அவர்கள் நினைவுக்கு வருகின்றன. பேயைக் காண வேண்டும் என்று நகரத்து இளைஞர் மலையேறி வருகின்றனர். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களோ அப்பேச்சைப் பொருட்படுத்துவதில்லை. அவர்களுடைய கவலைகள் வேறு. நிலுவைக் கூலி, மருத்துவமனைக்குச் செல்லும் தொலைவு, பிள்ளைகளின் படிப்பு என்பன அவை.

கண்ணுக்குப் புலப்படாதவை இருவகைப்படும். ஒன்று, உண்மையில் இல்லாதது. மற்றொன்று, இருந்தும் புலன்களுக்கு எட்டாதது. பேய் முன்னதைச் சார்ந்தது. கதிரியக்கம் பின்னதைச் சார்ந்தது. நெருப்பைக் கண் காட்டும். அழுகலை மூக்குக் காட்டும். கசப்பை நா காட்டும். பாலில் கலந்த கதிரியக்க அயோடினையோ, கொழுந்தில் படிந்த சீசியத்தையோ ஐம்புலன்களுள் எதுவும் காட்டாது. அளவுகருவி ஒன்றே காட்டும். ஆதலின் கருவி எவர் கையில் உளதோ அவரே முதலில் அறிவர். ஏனையோர் அவர் சொல்லக் கேட்டே அறிதல் வேண்டும். இந்த ஏற்றத்தாழ்விலிருந்தே நாம் ஆராயப் புகும் அறவினா எழுகிறது: அணு விபத்து ஒன்று நேருமாயின், அறிந்தவர் அறியாதவருக்கு எதனை, எப்பொழுது, எவ்வாறு சொல்லக் கடமைப்பட்டவர்?

இவ்வினா போனக்காட்டுக்குப் புறம்பானதன்று. அம்மலையிலிருந்து தென்கிழக்கே, நேர்கோட்டில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு முதல் அது மின்சாரம் தந்து வருகிறது. அங்குப் பெருவிபத்து எதுவும் நேர்ந்ததில்லை. நேரும் என்று எவரையும் அச்சுறுத்துவதும் நம் நோக்கமன்று. அணு உலை வேண்டுமா வேண்டாவா என்னும் வழக்கினுள்ளும் நாம் ஈண்டுப் புகவில்லை. வேண்டும் என்போரும் வேண்டா என்போரும் ஒருசேர விடையளிக்க வேண்டிய வினா இது.

ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். மலையின் மேல் லயத்தில் வாழ்கிறாள். ஒரு பசு வைத்திருக்கிறாள். பசு மலைப்புல்லை மேய்கிறது. பாலில் பாதியை விற்று, மீதியைப் பேரக் குழந்தைக்கு ஊட்டுகிறாள். மழைநீரும் ஓடைநீருமே அவர்கள் குடிநீர். எங்கோ ஓர் உலை உடைந்து, காற்று இப்பக்கம் வீசி, மழை இம்மலையில் பெய்ததாகக் கொள்வோம். அவள் அறிய வேண்டுவது அணுவின் பிளவை அன்று. இன்று இப்பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பதொன்றே. அதற்கு விடை சொல்லக்கூடியவர் எங்கோ ஓர் அலுவலகத்தில் எண்களோடு அமர்ந்திருக்கிறார். அவர் பேசாதிருப்பதற்குக் காரணம் ஏதேனும் உண்டா?

உண்டு என்பர். அக்காரணத்தை எளிதிற் புறக்கணித்தலாகாது. பீதி உயிரைக் கொல்லும் என்பதே அவர்கள் வாதம். 2011 மார்ச் 11-ஆம் நாள் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கிய ஜப்பானில், புகுசிமா அணு நிலையத்து உலைகள் உருகின. அம்மாநிலத்தில் கதிர்வீச்சினால் உடனடியாக மாண்ட பொதுமக்கள் எவருமிலர். ஆனால் அவசர அவசரமாக இடம்பெயர்த்தபொழுது மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இருந்த நோயாளர் பலர் வழியிலேயே இறந்தனர். இடப்பெயர்வின் இன்னல்களாலும் அதன் பின்விளைவுகளாலும் இறந்தோர் என அம்மாநிலத்தில் பதிவு செய்யப்பட்டவர் 2,000-க்கும் மேற்பட்டோர். அச்சமும் குழப்பமும் கதிரினும் கொடியனவாகலாம் என்பதற்கு இஃது ஒரு சான்றே. ஆகவே, அரைகுறைச் செய்தியை அவிழ்த்துவிட்டு மக்களைக் கலங்கச் செய்வதைவிட, முற்றும் தெளிந்த பின்னர்ச் சொல்வதே கருணை என்பர் பொறுப்பிலுள்ளோர்.

தம் வாதத்துக்குத் துணையாக அவர்கள் பெரியோர் வாக்குகளையும் காட்டலாம். குற்றமற்ற நன்மை விளையுமெனின் பொய்யும் வாய்மையின் இருக்கையில் அமரலாம் என்று வள்ளுவரே இசைந்திருக்கிறார் அல்லவா? தீப்பற்றிய வீட்டினுள் விளையாட்டில் மயங்கிய மக்களை, அழகிய வண்டிகள் தருவேன் என்று ஆசைகாட்டி வெளிக்கொணர்ந்த தந்தையின் கதையைத் தாமரைச் சூத்திரம் கூறவில்லையா?

கூறுகின்றது. ஆனால் அக்கதையை ஊன்றி நோக்குதல் வேண்டும். அத்தந்தை சொன்ன சொல் மக்களைத் தீயினின்று வெளியே கொணர்ந்தது. விபத்தை மறைக்கும் மௌனமோ மக்களைத் தீயினுள்ளேயே இருத்துகிறது. முன்னது உபாயம், பின்னது அதன் நேரெதிர். வள்ளுவர் விதித்த நிபந்தனையும் அத்தகையதே. விளையும் நன்மை எவருக்கு என்று வினவுதல் வேண்டும். மறைத்ததன் பயன் மறைத்தவருக்கும், அதன் தீங்கு கேளாதவருக்கும் போய்ச் சேருமாயின், அந்நன்மை குற்றமற்றது ஆகுமா?

இவ்வழக்கை அளந்து பார்க்கத் தக்க கோல் ஒன்றை மச்சிம நிகாயம் நமக்குத் தருகிறது. இராசகிருகத்தில் அபயன் என்னும் இளவரசன் புத்தபிரானை மடக்கக் கருதி, பிறர்க்கு இனிமை தராத சொல்லைத் ததாகதர் சொல்வாரா என்று வினவினான். அதற்கு ஒருதலையாக விடை கூற இயலாது என்றார் பெருமான். அப்பொழுது அபயனின் மடியில் ஒரு பச்சிளங்குழந்தை கிடந்தது. இக்குழந்தை குச்சியையோ கல்லையோ வாயிற் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று வினவினார். குருதி கசிந்தாலும் விரலை நுழைத்து எடுத்துவிடுவேன். குழந்தையின்பால் இரக்கம் உண்டே என்றான் அபயன். அதன்பின் பெருமான் சொற்களை வகைப்படுத்தினார். மெய்யல்லாததை, கேட்போர்க்கு இனிமையே ஆயினும், ததாகதர் சொல்லார். மெய்யாயினும் பயனற்றதைச் சொல்லார். மெய்யும் பயனும் உடையதை, அஃது இனிதாயினும் இன்னாததாயினும், அதற்குரிய காலம் அறிந்து சொல்வார்.

‘காலம் அறிந்து’ என்னும் இவ்விடத்தில்தான் மறைப்போர் அனைவரும் ஒதுங்கி நிற்கின்றனர். காலம் இன்னும் வரவில்லை, வந்ததும் சொல்வோம் என்பர். ஆனால் அக்காலத்தை அளப்பது எதனைக் கொண்டு? பேசுவோனின் வசதியைக் கொண்டா, கேட்போனின் பயனைக் கொண்டா? குழந்தையின் தொண்டையில் கல் சிக்கியிருக்கையில் காலம் என்பது அக்கணமே. நாளை எடுப்பேன் என்பவன் காலம் அறிந்தவன் அல்லன். நாம் இக்கட்டுரையில் வற்புறுத்தக் கருதுவது இதுவே: மெய்யின் பயன் காலத்தோடு கட்டுண்டது. செயலுக்கு உதவும் காலம் கழிந்தபின் சொல்லப்படும் மெய், கேட்டவனைக் காப்பதில்லை. சொன்னவனை மட்டும் பழியினின்று காக்க முயல்கிறது.

கதிரியக்கத்தின் இயல்பே இதனை மெய்ப்பிக்கும். உலையிலிருந்து வெளிப்படும் அயோடின்-131 எட்டு நாட்களில் பாதியாகக் குறையும். சில மாதங்களில் பெரும்பாலும் அற்றுப்போகும். புல்லில் விழுந்து, பசுவின் வழியாகப் பாலில் கலந்து, குழந்தையின் கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியில் சேர்வதே அதன் கேடு. முதற்சில வாரங்கள் பாலை நிறுத்தினாலே கேட்டின் பெரும்பகுதி விலகும். கதிரியக்கமில்லாத அயோடின் மருந்தை முன்னதாகவோ, சில மணி நேரத்துக்குள்ளாகவோ கொடுத்தால் சுரப்பி அதனால் நிறைந்து, தீய அயோடினுக்கு இடமளியாது. இவ்வளவு எளிய காப்பு அது. ஆனால் ஒருவர் வந்து சொல்ல வேண்டும். அதுவும் அந்நாட்களிலேயே சொல்ல வேண்டும்.

செர்னோபிலில் சொல்லவில்லை. 1986 ஏப்ரல் 26 அன்று நள்ளிரவு கடந்து உலை வெடித்தது. அருகிலிருந்த பிரிப்யாத் நகரத்தார் மறுநாள் பிற்பகல் வரை வழக்கம்போல் நடமாடினர். சுவீடன் நாட்டு அணு நிலையம் ஒன்றில் கருவிகள் ஒலித்து, உலகம் வினாத் தொடுத்த பின்னரே, 28-ஆம் நாள் மாலையில் சோவியத் அரசு சில வரிகளில் விபத்தை அறிவித்தது. மே முதல் நாள் கீவ் நகரத் தெருக்களில் குழந்தைகள் ஊர்வலம் சென்றனர். சிற்றூர்களில் பசுக்கள் மேய்ந்தன, பால் கறக்கப்பட்டது, குழந்தைகள் பருகினர். அக்காலத்தில் சிறுவராயிருந்தோருள் 6,000-க்கும் மேற்பட்டோருக்கு 2005-ஆம் ஆண்டுக்குள் தைராய்டுப் புற்று கண்டது என்றும், அவற்றுள் கணிசமான பகுதி அப்பாலினால் விளைந்தது என்றும் ஐக்கிய நாடுகளின் அறிவியல் குழு கணித்தது. மருத்துவத்தால் பெரும்பாலோர் உயிர் பிழைத்தனர் என்பது ஆறுதலே. ஆயினும் அக்கழுத்துகளில் கத்தி படாமலே இருந்திருக்கலாம். பக்கத்து நாடான போலந்து, மாசுக்கோவின் விளக்கத்துக்குக் காத்திராமல், தன் கருவிகள் காட்டியதைக் கொண்டே சில நாட்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அயோடின் மருந்தைக் கொடுத்தது. போலந்துத் தாய்மார் பீதியால் மாண்டதாக வரலாறு கூறவில்லை. ஏனெனில் அங்குச் செய்தியோடு செயலும் கொடுக்கப்பட்டது. அச்சத்தை வளர்ப்பது செய்தியன்று. செய்வதறியாத நிலையே அச்சத்தை வளர்க்கிறது.

அது மூடிய அரசு, குடியாட்சியில் அவ்வாறு நேராது என்பாரும் உளர். புகுசிமாவில் நேர்ந்ததைக் கேளுங்கள். கதிர்முகில் எத்திசையிற் செல்லும் என்று காற்றின் போக்கைக் கொண்டு கணிக்கும் பொறி ஒன்று ஜப்பானிய அரசிடம் இருந்தது. அதன் கணிப்புகள் மார்ச் 23 வரை மக்களுக்கு வெளியிடப்படவில்லை. உலையிலிருந்து வெளியான கதிரின் அளவு சரிவரத் தெரியாமையால் கணிப்பு முற்றும் நம்பத்தக்கதன்று என்பது அதிகாரிகள் கூறிய காரணம். அக்கணிப்புகளோ மார்ச் 14-ஆம் நாளே அமெரிக்கப் படையினருக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. இடையில் நாமியே என்னும் ஊரின் மக்கள் ஆயிரக்கணக்கானோர், உலையிலிருந்து விலகிச் செல்வதாக எண்ணி, வடமேற்கே சுசிமா என்னும் மலைப்பகுதியில் தஞ்சம் புகுந்தனர். கதிர்முகில் சென்றதும் அத்திசையே. குழந்தைகள் வெளியில் விளையாடினர். அன்று கிடைத்த அளவு அவர்கள் உடலை எத்துணைத் தாக்கியது என்பது வேறு வினா. பிற்கால ஆய்வுகள் பெரும் பாதிப்பைக் காணவில்லை. ஆயினும், எம் திசை தவறு என்பதை அறிந்தவர் இருந்தும் எமக்குச் சொல்லவில்லையே என்னும் புண் அவர்கள் நெஞ்சில் ஆறவில்லை. நம்பிக்கை உடைந்த பின், ‘இனி அஞ்ச வேண்டுவதில்லை’ என்று அரசு உண்மையாகவே கூறியபொழுதும் நம்புவார் குறைந்தனர். மறைத்த மெய் ஒன்று, பின்னர்ச் சொல்லப்படும் மெய்கள் பலவற்றின் மதிப்பை அழித்துவிடுகிறது.

வட்டங்களைப் பற்றியும் இங்கு ஒரு சொல். இதாதே என்னும் மலையூர் புகுசிமா நிலையத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், 20 கிலோமீட்டர் வெளியேற்ற வட்டத்துக்கு வெகு அப்பால் இருந்தது. காற்றும் மழையும் பனியும் கூடிக் கதிரை அம்மலையில் இறக்கின. அவ்வூரை வெளியேற்றும் ஆணை ஏப்ரல் 22 அன்றுதான் பிறந்தது. நம் நாட்டில் அணு நிலையங்களுக்கு அவசரகாலத் திட்ட எல்லையாக வகுக்கப்பட்டது 16 கிலோமீட்டர். காகிதத்தில் வட்டம் வரைதல் ஆட்சிக்கு இன்றியமையாதது. ஆனால் மழை அவ்வட்டத்தை அறியாது. அதனால்தான் வட்டத்துக்கு வெளியே வாழ்வோருக்குச் செய்தியின் தேவை குறைவதில்லை. அவர்களுக்கு ஒத்திகையும் இல்லை, மருந்தும் இல்லை, சொல் ஒன்றே காப்பு.

போனக்காட்டாருக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அது தேயிலையைப் பற்றியது. புகுசிமாவிலிருந்து 350 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது சிசுவோகா. ஜப்பானின் பெயர்பெற்ற தேயிலை நாடு. மார்ச்சில் பழைய இலைகளிற் படிந்த சீசியம், வசந்தத்தில் அரும்பிய கொழுந்துக்கு ஏறியது. 2011 சூன் மாதம், தேயிலையை வாங்கி விற்கும் நிறுவனம் ஒன்று தானே சோதித்து, கிலோவுக்கு 500 பெக்கரல் என்னும் அன்றைய வரம்பைக் கடந்த அளவைக் கண்டது. அதனைப் பொதுவில் வெளியிட வேண்டா என்று மாநில நிருவாகம் அந்நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டது. தேயிலை விவசாயிகளைக் காப்பதே நோக்கம் என்று நாம் நல்லெண்ணத்தோடு கொள்ளலாம். விளைந்தது யாது? செய்தி வெளிப்பட்டது, அதே மாதத்தில் பிரான்சு நாட்டு விமான நிலையத்தில் அப்பகுதித் தேயிலை வரம்புக்கு மேற்பட்டதென நிறுத்தப்பட்டது, மாசுபடாத தோட்டத்துத் தேயிலையும் ஐயத்துக்குள்ளாயிற்று. உலர்ந்த இலையில் உள்ள அளவு, வடித்த தேநீரில் பன்மடங்கு குறைந்துவிடும் என்னும் பயனுள்ள மெய்யையும் மக்கள் செவிகொடுத்துக் கேட்கவில்லை. எவரைக் காப்பதற்கென்று மறைத்தனரோ அவருக்கே கேடு சூழ்ந்தது.

அயல்நாட்டாரைக் கூறிவிட்டு நம் வீட்டை விட்டுவிடுதல் முறையன்று. 2003 சனவரி 21 அன்று கல்பாக்கத்து மறுபதப்படுத்தும் ஆலையில் 6 தொழிலாளர் வரம்புக்கு மேற்பட்ட கதிர்வீச்சுக்கு ஆட்பட்டனர். பொறுப்பிலிருந்தோர் பொதுமக்கள்முன் அதனை விளக்கியது அவ்வாண்டு ஆகத்து மாதத்தில். 2019 அக்டோபர் 29 அன்று, கூடங்குளத்தில் கணினித் தாக்குதல் நிகழ்ந்ததாகப் பரவிய செய்தி பொய் என்று நிலையத்தார் மறுத்தனர். மறுநாளே, நிருவாகப் பணிக்குரிய கணினி ஒன்றில் தீநிரல் புகுந்தது மெய் என்றும், செப்டம்பர் 4 அன்றே அது தெரியவந்தது என்றும், உலையை இயக்கும் கணினிகள் தனித்து இயங்குவதால் அவற்றுக்குத் தீங்கில்லை என்றும் அணுமின் கழகம் அறிவித்தது. இறுதியிற் கூறியது ஆறுதல் தரும் செய்தியே. ஆயின் முதல் நாள் மறுப்பைக் கேட்ட கடற்கரை மீனவர், இரண்டாம் நாள் ஆறுதலை எங்ஙனம் நம்புவார்? இவ்விரண்டிலும் சுற்றுப்புறத்து மக்களுக்குக் கதிர் பரவவில்லை. சிறிய நிகழ்ச்சிகளே அவை. சிறியவற்றில் உடனே பேசும் பழக்கம் இல்லாதார்க்குப் பெரியவற்றில் அப்பழக்கம் திடீரென வந்துவிடாது. 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம், செய்தி வெளியீட்டைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை நெடுங்காலம் அரசுக்கு வழங்கியிருந்தது. பகைவரிடமிருந்து காக்க வேண்டிய மறைபொருள்கள் உள என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உலையின் அமைப்பு மறைபொருளாகலாம். மழைநீரில் உள்ள கதிரின் அளவு எவ்வாறு மறைபொருளாகும்? அஃது அம்மழையை ஏற்போரின் உடைமையன்றோ?

அஞ்சத் தக்கதைச் சொல்வது மட்டுமே வாய்மை என்று எவரும் கருதிவிட வேண்டா. அஞ்ச வேண்டாதனவற்றைச் சான்றோடு கூறுவதும் வாய்மையே. அதற்கும் நம் பக்கத்திலேயே நற்சான்று இருக்கிறது. கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட்டு மிகுந்துள்ளது; அங்கு வாழ்வோர் பெறும் இயற்கைக் கதிர்வீச்சு பிற இடங்களைவிடப் பன்மடங்கு மிகுதி. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தார் 1990-இல் தொடங்கி அப்பகுதியில் வீடுவீடாகச் சென்று கதிரை அளந்தனர். ஏறத்தாழ 70,000 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். அக்கதிர்வீச்சினால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லை என்று 2009-இல் முடிவை வெளியிட்டனர். ஓங்கிச் சொன்னதால் அன்று, வாசற்படி வரை வந்து அளந்ததால் அச்சொல்லுக்கு எடை உண்டாயிற்று. வந்து பார் என்று அழைப்பதே நம் தருமத்தின் இயல்பும் ஆகும்.

ஆகவே விபத்துக்குப் பின் செய்தியைப் பகிர்தல் என்பது ஓர் எண்ணை எறிந்துவிட்டுப் போவதன்று. அதற்குச் சில கடமைகள் உண்டு. முதலாவது, அறிந்த பொழுதே சொல்லுதல். முற்றும் தெளியாவிடினும், இதுவரை அறிந்தது இது, அறியாதது இது, மீண்டும் இன்ன நேரத்தில் சொல்வோம் என்று சொல்லலாம். தெரியாது என்று ஒப்புவது பொய்யன்று. தெரிந்ததுபோல் ஆறுதல் கூறுவதே பொய். இரண்டாவது, செயலோடு சேர்த்துச் சொல்லுதல். இத்தனை மைக்ரோசீவர்ட் என்றால் அத்தாய் என் செய்வாள்? இவ்வாரம் பசுவைக் கொட்டிலில் கட்டி வைக்கோல் கொடு, ஓடைநீரை விடுத்து இத்தொட்டி நீரைப் பயன்படுத்து, குழந்தைக்கு இம்மருந்தை இப்பொழுதே கொடு என்பதே அவளுக்குரிய மொழி. மூன்றாவது, அவள் பேசும் மொழியிற் சொல்லுதல். போனக்காட்டின் முதியோர் தமிழர். ஆட்சியின் அறிவிப்புகள் மலையாளத்தில் வருவன. உலை நிற்பது வேறு மாநிலத்தில். எல்லைக்கு இப்பக்கம் அறிவிப்பது எவர் பொறுப்பு என்று இரண்டு அலுவலகங்கள் வழக்காடும் பொழுதில் பால் கறக்கப்பட்டுவிடும். நான்காவது, அளக்கும் திறனையே மக்களோடு பகிர்தல். ஜப்பானில் அரசின் சொல்லில் ஐயமுற்ற தன்னார்வலர், விபத்து நேர்ந்த சில நாட்களிலேயே ‘சேப்காஸ்ட்’ என்னும் அமைப்பாகக் கூடி, தாமே கருவி செய்து, தெருத்தெருவாக அளந்து, எவரும் காணுமாறு வெளியிட்டனர். பள்ளி ஆசிரியரும் அஞ்சற்காரரும் ஒரு கருவியைக் கையாளக் கற்பது அரிதன்று. ஆசிரியனின் மூடிய கை தம்மிடம் இல்லை என்று பெருமான் தம் இறுதி நாட்களில் ஆனந்தரிடம் கூறினார். கருவி வைத்திருப்போரும் கையைத் திறத்தல் வேண்டும்.

கேட்போர்க்கும் கடமை உண்டு. அதனைக் கூறாது விடின் நாம் ஒருதலை வழக்குரைத்தவர் ஆவோம். பங்களாவின் பேய்க்கதை எவ்வாறு பரவியதோ அவ்வாறே கதிரியக்கப் பேய்க்கதைகளும் பரவும். ஆராயாமல் ஒன்றைப் பிறர்க்குக் கடத்துவது வாய்மை நெறிக்கு மாறு. கைப்பேசி வந்தபின் ஒருவன் கூறும் பொய் ஒரு நாழிகையில் மலைகடந்து செல்கிறது. ஆயினும் ஒன்றை மறவாதீர்: மெய் வராத இடத்திலேதான் வதந்தி குடியேறுகிறது. மக்கள் பகுத்தறியமாட்டார் என்று கூறிச் செய்தியை மறைப்பவன், தான் கூறிய குறையைத் தானே வளர்க்கிறான்.

மக்கள் தாங்கமாட்டார் என்னும் எண்ணத்தின் அடியில், அவர்கள் நமக்கு ஒப்பானவர் அல்லர் என்னும் எண்ணம் ஒளிந்திருக்கிறது. தோட்டம் நலிந்தபொழுதும், கூலி நின்றபொழுதும், மருந்தில்லாத மழைக்காலங்களிலும் போனக்காட்டார் தாங்கியிருக்கின்றனர். ஓர் எண்ணைத் தாங்கமாட்டாரா? அவர்களால் தாங்க முடியாதது ஒன்றே: தம் குழந்தை பருகிய பாலைப் பற்றிப் பிறிதொருவர் முன்பே அறிந்திருந்தார் என்பதை ஓராண்டு கழித்து அறிதல்.

அன்பர்களே, அத்தகைய நாள் எவ்வூருக்கும் வாராதிருக்க வேண்டுவோம். வருமாயின், அறிந்தவர் எவரோ அவர் அன்றே மலையேறி வந்து லயத்தின் கதவைத் தட்டுவாராக. அவர் சொல்வது இன்னாததாகவே இருக்கட்டும். குழந்தையின் வாயிலுள்ள கல்லை எடுக்க விரைபவன், குழந்தை அழுமே என்று கைகட்டி நிற்பதில்லை.